கொடிமலைக்கு நம் பிள்ளைகள் எப்போது நடப்பார்கள்?



ஜோர்ஜ்டவுனில் நின்று மேற்குத் திசையை நோக்கினால் மலை தெரியும். வரைபடத்தில் அதன் பெயர் புக்கிட் பெண்டேரா. நம்மவர் வாயில் அது கொடிமலை. அதன் மிக உயர்ந்த முகடு 833 மீட்டர். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் இம்மலையையும் இதனைச் சூழ்ந்த காடு, கடல் பகுதிகளையும் சேர்த்து 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் இத்தகுதி பெற்ற மூன்றாவது இடம் இது. வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கில், 2003ஆம் ஆண்டு முதல் ஒரு தேசியப் பூங்காவும் இருக்கிறது. உலகெங்கும் இருந்து மக்கள் விமானம் ஏறி வந்து இவற்றில் நடந்துவிட்டுப் போகிறார்கள்.

நம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கொடிமலைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள்" என்றால் பாதி வகுப்பு கை தூக்கும். நூறாண்டு கடந்த மலை இரயிலில் ஏறியதும், மேலே பனிக்கூழ் தின்றதும், படம் பிடித்ததும் கதையாக வரும். "நடந்து ஏறியவர்கள்?" என்று அடுத்துக் கேளுங்கள். ஓரிரு கைகள் எழும். சில வகுப்புகளில் ஒரு கையும் எழாது.

மலையேற்றம், காட்டுநடை, முகாம் போன்ற வெளிப்புற நடவடிக்கைகள் கல்லூரி மாணவர்களுக்கு உரியவை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவை தொடக்கப்பள்ளியிலேயே, வயதுக்கேற்ற அளவில், முறையான பாதுகாப்போடு தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

கல்லூரியில் தொடங்குவது காலங்கடந்த தொடக்கம்

ஆசிரியர் பயிற்சிக்குச் சென்றவர்கள் 'பினா இன்சான் குரு' எனும் திட்டத்தை நன்கு அறிவார்கள். பயிற்சி ஆசிரியர்களின் ஆளுமையை வளர்ப்பதற்கான திட்டம் அது. கூடாரம் அடித்தல், குழுவாகச் சமைத்தல், காட்டுநடை, இரவு நடை எனப் பலவும் அதில் உண்டு. நானும் அம்முகாமில் பங்கெடுத்தவள்தான்.

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டுப் பாதையில் நுழைந்த அரை மணி நேரத்துக்குள் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. தோட்டப்புறத்திலும் கம்பத்திலும் வளர்ந்தவர்களும், பள்ளியில் சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களும் ஒரு பக்கம். நகரத்து வீட்டிலிருந்து நேரே கல்லூரிக்கு வந்தவர்கள் மறு பக்கம். காலில் அட்டை ஏறியதற்கே இரண்டாம் பக்கத்தார் கலங்கிப் போனார்கள். முதல் பக்கத்தார் அதைத் தட்டிவிட்டு நடந்தார்கள். இரு சாராரும் அறிவில் சமமானவர்கள். ஒரே தேர்வில் தேறி வந்தவர்கள். பத்து வயதில் கிடைத்த பழக்கமும் கிடைக்காத பழக்கமுமே அவர்களைப் பிரித்தன.

நம் பாட்டன் பாட்டிமார் காட்டைத் திருத்திய தலைமுறையினர். நம் பெற்றோர் இரப்பர் மரங்களுக்கு இடையே ஓடி விளையாடி வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் காடு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மின்தூக்கியில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு மண்சரிவில் கால் வைக்கும் விதம் தெரியாது; தெரிய வாய்ப்பும் இல்லை. வாழ்க்கை கற்றுக் கொடுத்ததை இனிப் பள்ளிதான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கிலி இருக்கிறது. காட்டில் நடக்காத பிள்ளை காட்டுக்கு அஞ்சும் பயிற்சி ஆசிரியராகிறது. அந்த ஆசிரியர் பள்ளிக்கு வந்ததும், "வெளியே அழைத்துச் செல்வது நமக்கு ஏன் வம்பு?" என்கிறார். அவரிடம் படிக்கும் பிள்ளையும் நடக்காமலேயே வளர்கிறது. இச்சங்கிலியைக் கல்லூரியில் நடக்கும் சில நாள் முகாமால் அறுக்க முடியாது. பத்து வயதில்தான் அறுக்க முடியும்.

பினாங்குக்கு இது புதிதன்று

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டே, 1908இல், அவ்வியக்கம் மலாயாவுக்கு வந்துவிட்டது. அது முதலில் கால் வைத்த இடம் நம் பினாங்குத் தீவு. இங்கிருந்துதான் அது தீபகற்பத்துக்குப் பரவியது.

மற்றொரு செய்தி. 1941ஆம் ஆண்டு வேல்சு நாட்டின் அபெர்டவி எனும் கடலோர ஊரில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளி தொடங்கப்பட்டது. கல்வியாளர் குர்ட் ஹானும், புளூ பனல் கப்பல் நிறுவனத்தின் லாரன்ஸ் ஹோல்ட்டும் அதனைத் தொடங்கினர். போர்க்காலத்தில் கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளித்தபோது, வயதில் மூத்த மாலுமிகள் தாக்குப்பிடித்தார்கள் என்றும், உடல்வலு மிக்க இளைஞர்கள் சோர்ந்து மாண்டார்கள் என்றும் ஹோல்ட் கருதினார். இடர் கண்டு கலங்காத பயிற்சி இளைஞர்களுக்கு இல்லை என்பது அவர் முடிவு. அந்நிறுவனத்தின் நீலப் புகைபோக்கிக் கப்பல்கள் பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்துபோனவை. ஆசியாவின் முதல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி 1950களில் நமக்கு அண்டை மாநிலமான பேராக்கின் லூமுட்டில் எழுந்தது.

இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலில் கால் வைத்த மலேசியர்கள் யார்? எம். மகேந்திரன், என். மோகனதாஸ் ஆகிய இருவர். நாள்: 1997 மே 23. இருவரும் நம்மவர்கள்! நம் தமிழ்ப்பள்ளி மாணவருள் எத்தனை பேருக்கு இவ்விரு பெயர்களும் தெரியும்? நடிகர் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைகளுக்கு இவர்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பு நம்முடையது.

அதே மே 23ஆம் நாளில், 1984ஆம் ஆண்டு, எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால். இமயமலை அடிவாரச் சிற்றூரில் பிறந்தவர். ஆசிரியப் பணிக்கான பட்டமும் பெற்றவர். அவரது முதல் மலையேற்றம் எது தெரியுமா? 12 வயதில், பள்ளிச் சுற்றுலாவின்போது, தோழிகளோடு ஏறிய ஏற்றம்! பள்ளி அன்று அவரை வகுப்பறைக்குள்ளேயே வைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பெண்களுள் எவரெஸ்ட்டை முதலில் எட்டியவர் முத்தமிழ்ச்செல்வி. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சாதித்தார்.

எல்லாப் பிள்ளைகளும் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. ஆனால், நம் பிள்ளைகளால் இயலாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"டீச்சர், ஏதாவது நடந்துவிட்டால்?"

இக்கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. கேட்பதும் நியாயமே. அச்சத்தை ஏளனம் செய்து பேசுவது ஆசிரியருக்கு அழகன்று. எனவே, நடந்த இரண்டு துயரங்களை வெளிப்படையாகவே பேசுவோம்.

2015 ஜூன் 5ஆம் நாள் சபாவில் 6.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கினபாலு மலையில் இருந்தவர்களுள் 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியைச் சேர்ந்த 7 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். நம் ஆறாம் ஆண்டு மாணவர்களின் வயதை ஒத்த பிள்ளைகள் அவர்கள். அந்தச் செய்தி வந்த நாளில் கலங்காத ஆசிரியர் இருந்திருக்க மாட்டார்.

2022 டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் தளம் ஒன்றின்மீது மலைச்சரிவு விழுந்தது. கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 31 பேர் மாண்டனர். அவர்களுள் சிறு பிள்ளைகளும் இருந்தனர். அவ்விடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பின்னர்த் தெரிய வந்தது.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. முதலாவதை எவராலும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது. இரண்டாவதில் நாம் கற்க வேண்டிய பாடம் தெளிவாக உள்ளது. மழைக்காலத்தில், சரிவின் அடியில், உரிமம் உள்ளதா என்று விசாரிக்காமல் இரவு தங்கக் கூடாது. "இந்த இடத்துக்கு அனுமதி உண்டா? மேலே என்ன இருக்கிறது? மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளும் கேட்கப் பழக வேண்டும்.

தன் பிள்ளைகளை இழந்த சிங்கப்பூர் என்ன செய்தது? மலையின் பக்கம் போகாதீர்கள் என்று கதவை மூடவில்லை. அடுத்த ஆண்டே, 2016இல், வெளிப்புறக் கல்விக்கென ஒரு தேசியப் பெருந்திட்டத்தை அறிவித்தது. உயர்நிலை மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவரும் ஐந்து நாள் அவுட்வர்ட் பவுண்ட் முகாமில் பங்கேற்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. துயரம் நேர்ந்த வீட்டார் எடுத்த முடிவு இது. ஆகவே, நாமும் நிதானமாகச் சிந்திக்கலாம்.

பினாங்கிலும் இடர் உண்டு. 2017 நவம்பர் தொடக்கத்தில் வீசிய புயல்மழையில் தீவு முழுதும் வெள்ளம் சூழ்ந்தது. கொடிமலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. அருவிகளில் வேறோர் ஆபத்து. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையின் மேற்பகுதியில் பெய்த மழை திடீரென்று பெருவெள்ளமாகப் பாய்ந்து வரும். மலாய்மொழியில் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலும், இலைதழைகள் மிதந்து வந்தாலும், நீரின் ஓசை கூடினாலும் உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போக வேண்டும். விடுமுறை நாளில் பெற்றோரோடு அருவிக்குப் போகும் பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால் ஒரு குடும்பமே பிழைக்கும். வீட்டிலேயே பூட்டி வைத்த பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? வெளிப்புற நடவடிக்கையின் முதற்பாடமே பாதுகாப்புதான்.

திருக்குறளில் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை. 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. இரண்டும் ஒரே நூலில், ஒரே பொருட்பாலில் இருக்கின்றன. ஊக்கம் மட்டும் இருந்து ஆராய்ச்சி இல்லாவிட்டால் அது விபத்தில் முடியும். ஆராய்ச்சி என்ற பெயரில் ஊக்கத்தையே கொன்றுவிட்டால் கோழைத்தனத்தில் முடியும். மலைநடை இவ்விரு அதிகாரங்களையும் ஒரே காலைப்பொழுதில் கற்பிக்கும்.

மலை கற்பிக்கும் பாடங்கள்

ஐவகை நிலங்களை நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? அட்டவணை போட்டுக் குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று எழுத வைக்கிறோம். பிள்ளை மனனம் செய்து ஒப்பிக்கிறது. சாளரத்துக்கு வெளியே மலை நின்றுகொண்டிருக்கிறது! கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார். மலையில் நடந்தவருக்கே அது கைகூடும். நம் பிள்ளைக்குத் தமிழில் எத்தனை மரங்களின் பெயர் தெரியும்? பெயர் தெரியாத பொருளின்மீது அன்பு பிறக்காது. மொழியும் அப்படித்தான், பயன்படும் இடம் இல்லாத சொல் செத்துப்போகும்.

அறிவியலுக்கு வருவோம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். அடிவாரத்தில் 32 பாகை காட்டும் வெப்பமானி 700 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 28 பாகை காட்டும். கையில் வெப்பமானியோடு ஏறும் பிள்ளை இதனைத் தன் தோலாலேயே உணரும். தூரம், நேரம், வேகம் பற்றிய கணிதமும் அங்கேயே இருக்கிறது.

எல்லாவற்றிலும் மேலானது மனப்பாடம், அதாவது மனத்துக்கான பாடம். மெதுவாக நடக்கும் தோழனுக்காகக் காத்திருத்தல், தன் தண்ணீரைப் பங்கிடுதல், களைத்த பிறகும் பத்தடி எடுத்து வைத்தல், "இதற்கு மேல் வேண்டாம், திரும்பிவிடலாம்" என்று துணிந்து சொல்லுதல் போன்றவற்றுக்கு வகுப்பறையில் பயிற்சித்தாள் கிடையாது.

மூன்று தடைகள்

முதல் தடை, "பெண்பிள்ளையை அனுப்ப மாட்டோம்" என்பது. மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம், "டீச்சர், அவளுக்கு மூச்சு வாங்கும். மலையெல்லாம் ஏற மாட்டாள்" என்றார். "அம்மா, தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் 513 படிகளை ஏறுகிறாளே!" என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அது சாமி காரியம் டீச்சர்" என்றார். வேண்டுதலுக்கு ஏறும் கால்கள் பாடத்துக்கும் ஏறும். பெண்பிள்ளைகளுக்கென ஆசிரியைகள் துணை வர வேண்டும். உடைமாற்றவும் கழிவறைக்கும் வசதி உள்ள பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றை ஏற்பாடு செய்வது நம் கடமை.

இரண்டாவது, செலவு. முகாம் என்றாலே பேருந்து, தங்குமிடம், அச்சிட்ட சட்டை, சான்றிதழ் என்று கட்டணம் ஏறிவிடுகிறது. வசதியற்ற பிள்ளை ஒதுங்கிவிடுகிறது. சட்டையையும் சான்றிதழையும் விட்டுவிடுங்கள். தாவரவியல் பூங்காவுக்கு நகரப் பேருந்து போகிறது. ஒரு புட்டித் தண்ணீர், ஒரு பொட்டலம் உணவு, வழுக்காத காலணி, மழையாடை ஆகியவையே தேவை. விடுதி மண்டபத்தில் நடக்கும் ஊக்கமூட்டும் சொற்பொழிவைவிட இது மிகவும் மலிவு.

மூன்றாவது, நேரம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் சனிக்கிழமைகள் பிரத்தியேக வகுப்புகளுக்கே போகின்றன. ஆண்டில் இரண்டு சனிக்கிழமைகளையாவது மலைக்குக் கொடுக்கக் கூடாதா?

செய்யக் கூடியவை

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தீவில் உள்ள பள்ளிகளுக்கு ஏற்ற ஒரு படிநிலையை முன்மொழிகிறேன். பெருநிலத்துப் பள்ளிகள் தங்கள் அருகிலுள்ள மலைகளைத் தேர்ந்துகொள்ளலாம்.

1. முதலாம், இரண்டாம் ஆண்டு: 1884இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவில் ஒரு மணி நேர நடை. பத்து மரங்களின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் அறிதல். குரங்குக்கு உணவு கொடுக்காமல் இருக்கப் பழகுதல்.

2. மூன்றாம், நான்காம் ஆண்டு: பூங்காவுக்கு அருகிலுள்ள நிலவு வாசலில் தொடங்கி ஐந்தாம் நிலையம் எனப்படும் ஓய்விடம் வரை ஏறி இறங்குதல். பெற்றோரும் உடன் வரலாம்.

3. ஐந்தாம், ஆறாம் ஆண்டு: தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் பெயர் பதிவு செய்துகொண்டு, கெராச்சுட் கடற்கரை வரை காட்டுநடை. அங்கே ஆமைப் பாதுகாப்பு நிலையமும், கடல்நீரும் நன்னீரும் கலவாமல் அடுக்கடுக்காய் நிற்கும் ஓர் அரிய ஏரியும் உண்டு. மாணவரே வரைபடம் பார்த்து வழிநடத்த வேண்டும்.

ஒவ்வொரு நடைக்கும் சில விதிகள் கட்டாயம். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி இசைவும் வேண்டும். பொறுப்பாசிரியர் முந்தைய வாரம் அதே பாதையில் நடந்து பார்த்திருக்க வேண்டும். முதல்நாள் மாலையிலும் அன்று காலையிலும் வானிலை அறிக்கையைப் பார்க்க வேண்டும். இடி முழங்கினால் பயணம் இல்லை. ஈளைநோய், ஒவ்வாமை உள்ள மாணவரின் பட்டியலும் மருந்தும் கையில் இருக்க வேண்டும். மெதுவாக நடப்பவர் முன்னே, அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் கடைசியில். ஒவ்வொரு ஓய்விடத்திலும் தலை எண்ண வேண்டும். திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துவிட்டு, இலக்கை எட்டாவிட்டாலும் அந்நேரத்தில் திரும்பிவிட வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, இதனைத் தனியொருவர் சுமக்க இயலாது. பள்ளியில் சாரணர் இயக்கப் பொறுப்பாசிரியர் இருக்கிறார். செம்பிறைச் சங்கத்தில் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறார். பெற்றோருள் மலையேறும் பழக்கமுள்ளவர் இருவராவது நிச்சயம் இருப்பர். அவர்களை ஒன்றுசேர்ப்பது மட்டுமே நம் வேலை.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சிற்றுண்டிச்சாலை விலையையும் சீருடை நிறத்தையும் பேசி முடித்த பின், ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "இவ்வாண்டு நம் பிள்ளைகள் எந்த மலையில் நடக்கப் போகிறார்கள்?" கேட்பவர் ஒருவர் இருந்தால் செய்பவர் ஒருவர் வருவார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.